உப்பேறிய காங்கிரீட்: கம்பித் துருவுக்கு எந்தச் சோதனைக்குப் பணம் கொடுப்பது?

கடலை ஒட்டிய பழைய அடுக்குமாடிகளில் ஒரு சன்ஷேட் பெயர்ந்து விழுந்ததும் குடியிருப்போர் சங்கம் மூன்று நான்கு இடங்களில் கொட்டேஷன் வாங்கும். ஒன்றில் ரிபவுண்ட் ஹேமரும் அல்ட்ராசோனிக்கும் இருக்கும். இன்னொன்றில் ஹாஃப் செல். மூன்றாவதில் ஆர்சிபிடி (விரைவுக் குளோரைடு ஊடுருவல் சோதனை) வரைக்கும் எல்லாச் சோதனையும் வரிசையாக இருக்கும், தொகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். எது எதற்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இருப்பதில் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, வந்த அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டு, மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கிறது.

இதைத் தவிர்க்க முடியும். சென்னையில் எண்ணூரிலிருந்து திருவான்மியூர் வரை, அப்புறம் கடலூர், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று படும் எல்லா ஊருக்கும் பொருந்துகிற விஷயம் இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடம், கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் போதும் என்றால், காங்கிரீட்டை ஆழவாரியாகத் துளைத்துத் தூள் எடுத்து அதில் குளோரைடு அளவைப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், எங்கே துளைப்பது என்று தெரிந்துகொள்ள அதற்கு முன் ஹாஃப் செல், அதாவது கம்பியின் மின்னழுத்தத்தைப் படிக்கும் சோதனை. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படி என்று புரிய, உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். நல்ல காங்கிரீட்டின் துளைகளில் உள்ள ஈரம் கடும் காரத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் மதிப்பு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காப்பாற்றுகிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே நுழைந்து கம்பியைத் தொடும்போது இந்தப் படலத்தை அங்கங்கே உடைக்கிறது. உடைந்த இடம் சின்னக் குழியாகத் தொடங்கி ஆழமாக அரிக்கிறது. துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும். அதனால்தான் காங்கிரீட் பிளக்கிறது. ஆனால் குழி அரிப்பில் சில நேரம் பிளவு தெரிவதற்கு முன்பே கம்பி பாதி மெலிந்திருக்கும். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

ரிபவுண்ட் ஹேமரும் அல்ட்ராசோனிக்கும் காங்கிரீட்டின் கடினத்தையும் ஒருமையையும் பற்றிப் பேசுபவை. குளோரைடைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. உறுதியில் குறையில்லாத காங்கிரீட்டுக்குள்ளும் கம்பி அரிந்துகொண்டிருக்கலாம். துருவைப் பற்றிய கேள்விக்கு இவை மட்டும் உள்ள கொட்டேஷனை ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஹாஃப் செல்: எங்கே நடக்கிறது?

தாமிரக் கம்பியைத் தாமிர சல்பேட் கரைசலில் வைத்த ஒரு குழாய், ஒரு நல்ல வோல்ட் மீட்டர், காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியோடு ஓர் இணைப்பு, அவ்வளவுதான் கருவி. காங்கிரீட் பரப்பில் கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தம் படிக்க வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணயமான ஏஎஸ்டிஎம் சி 876 தரும் எல்லைகள் பிரபலமானவை: மைனஸ் 200 மில்லிவோல்ட்டைவிட நேர்ப்பக்கம் இருந்தால் துரு இல்லை என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 350-ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால் துரு நடக்கிறது என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, நடுவில் இருந்தால் சொல்ல முடியாது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது முக்கியம். அமெரிக்காவில் பனியை உருக்க உப்புத் தூவும் பாலத் தளங்களில் கிடைத்த அனுபவம்தான் இவற்றின் அடிப்படை. நம் ஊர்ச் சன்ஷேடுக்கும் ஸ்டில்ட் தூணுக்கும் அப்படியே ஒட்டவைத்தால் தப்பு நடக்கும். முதல் சிக்கல் ஈரம். மே மாத வெயிலில் காய்ந்த காங்கிரீட்டில் அளவு பாதுகாப்பாகத் தெரியும். அதே தூணை வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் படித்தால் நன்றாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நீருக்குள் மூழ்கிய பைலிலோ எப்போதும் நனைந்திருக்கும் சம்ப் சுவரிலோ ஆக்சிஜன் போகாது. அங்கே மைனஸ் 600, 700 என்று பயமுறுத்தும் அளவு வந்தாலும் துரு மிக மெதுவாகவே நடந்துகொண்டிருக்கலாம்.

அதனால் தனி எண்ணை நம்புவதைவிட, பக்கத்துப் புள்ளிகளுக்குள் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பயன்படுகிறது. சமமான எண்கள் நடுவே திடீரென்று 150, 200 மில்லிவோல்ட் பள்ளம் விழுந்தால், அந்தப் பள்ளத்தின் மையத்தில் குழி அரிப்பு நடக்கிறது என்று எதிர்பார்த்து உடைத்துப் பார்க்கலாம். அறிக்கையில் சமமின்னழுத்தக் கோட்டு வரைபடம் இல்லாமல் வெறும் அட்டவணை மட்டும் தருகிறவரிடம் வரைபடம் கேளுங்கள். அது கூடுதல் வேலை இல்லை, அதுதான் வேலை.

நம் கட்டடங்களுக்கே உரிய இன்னொரு சங்கடம் பூச்சு. காங்கிரீட்டின் மேல் 12 முதல் 20 மி.மீ. சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயின்ட். இதன் மேலேயே கருவியை வைத்துப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்டும் பட்டியும் மின்னோட்டத்தைத் தடுக்கும், பூச்சு காங்கிரீட்டிலிருந்து விலகியிருந்தால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. படிக்கும் இடங்களிலாவது பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், பரப்பை நனைத்து அளவு நிலைத்த பிறகே குறிக்க வேண்டும். இணைப்புக் கொடுத்த கம்பியும் மற்றக் கம்பிகளும் உள்ளுக்குள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். எபாக்சி பூசிய கம்பி என்றால் இந்தச் சோதனையே பொருந்தாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உருவாக்கிய சிமெண்ட்–பாலிமர் பூச்சு போட்ட கம்பிகள் பல பாலங்களில் உண்டு. அங்கேயும் மேலே சொன்ன எல்லைகளை அப்படியே போடக் கூடாது.

குளோரைடு தூள்: எவ்வளவு ஆழம் வந்துவிட்டது?

நான் அதிகம் மதிப்பது இதைத்தான். டிரில் மெஷினில் மேற்பரப்பிலிருந்து 10 மி.மீ. இடைவெளியில் ஆழவாரியாகத் தூள் சேகரிக்கிறோம். முதல் சில மில்லிமீட்டர் மழையில் கழுவப்பட்டிருக்கும், அதைத் தனியாக வைக்கலாம். கம்பி இருக்கும் ஆழத்தில் கட்டாயம் ஒரு மாதிரி, கம்பிக்குப் பின்னால் ஒரு மாதிரி. ஒரே துளையில் ஜல்லி அகப்பட்டால் அளவு தவறாகக் குறையும். அதனால் பக்கத்தில் மூன்று துளையாவது போட்டு, ஒரே ஆழத்துத் தூளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்து வெள்ளி நைட்ரேட்டால் டைட்ரேஷன் செய்வார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 14959-இன் இரண்டாம் பகுதி இறுகிய காங்கிரீட்டுக்கான இந்த முறையைச் சொல்கிறது.

தண்ணீரில் கரையும் குளோரைடு, அமிலத்தில் கரையும் குளோரைடு என்று இரண்டு விலை சொல்வார்கள். பழைய கட்டடத்துக்கு அமிலத்தில் கரைவதையே கேளுங்கள். சிமெண்டோடு வேதியியலாகப் பிணைந்த குளோரைடு தண்ணீரில் முழுதாக வராது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய்க் காங்கிரீட்டின் காரம் குறையும்போது அந்தப் பிணைப்பு விட்டு, அடங்கியிருந்த குளோரைடு மறுபடி நடமாடத் தொடங்கும். 30 வருடக் கட்டடத்தில் இது நடக்கக்கூடிய ஒன்று. தூள் எடுக்கும் அன்றே உடைத்த பரப்பில் பினால்ஃப்தலீன் தெளித்து எவ்வளவு ஆழம் வரை காரம் குறைந்துவிட்டது என்றும் பார்த்துவிடலாம், செலவு அற்பம்.

முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சதவீதம் எதன் சதவீதம் என்பது. பரவலாகப் பயன்படும் எச்சரிக்கை எல்லை சிமெண்ட் எடையில் 0.4 சதவீதம். ஒரு கன மீட்டரில் 350 கிலோ சிமெண்ட் இருந்தால் அது 1.4 கிலோ குளோரைடு. அதையே 2,400 கிலோ காங்கிரீட்டின் எடையில் சொன்னால் 0.06 சதவீதம்தான். அறிக்கையில் வெறுமனே '0.06 சதவீதம்' என்று இருந்தால் அது காங்கிரீட் எடையிலா, சிமெண்ட் எடையிலா? ஒன்றில் எல்லையைத் தொட்டாயிற்று, இன்னொன்றில் கவலையே இல்லை. குளோரைடாகவா, சோடியம் குளோரைடாகவா என்பதும் அப்படியே, இரண்டுக்கும் 1.65 மடங்கு வித்தியாசம். இன்னொரு குழப்பம், ஐஎஸ் 456 சொல்லும் கன மீட்டருக்கு 0.6 கிலோ. அது புதிதாகக் காங்கிரீட் போடும் நேரத்தில் கலவையில் இருக்கலாம் என்று அனுமதித்த அளவு. பழைய தூணில் 0.7 வந்தது, எனவே துரு பிடித்துவிட்டது என்று எழுதுவது அந்த எண்ணைத் தவறாகப் படிப்பது. 0.4 சதவீதமும் கல்லில் எழுதிய எல்லை இல்லை; சிமெண்ட் வகை, ஈரம், கம்பியின் பரப்பு எல்லாம் அதை ஏற்றி இறக்கும்.

இந்தச் சோதனையின் உண்மையான பலன், எண்களை ஆழத்துக்கு எதிராக வரைந்து பார்க்கும்போதுதான் தெரியும். வெளிப்பரப்பில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு என்று கோடு சரிந்தால் உப்பு வெளியிலிருந்து, கடற்காற்றில் வந்தது. கோடு சரியாமல் எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் படுத்திருந்தால் உப்பு கட்டும்போதே கலவையில் சேர்ந்தது. நிலத்தடியில் கடல்நீர் புகுந்த பகுதிகளில் உப்பான போர் தண்ணீரிலும் கழுவாத கடலோர மணலிலும் கட்டியிருந்தால் இப்படித்தான் வரும். ஐஎஸ் 456 ஆர்சிசிக்கான கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. டேங்கர் தண்ணீர் வாங்க மனமில்லாத ஒப்பந்தக்காரர் அதைப் பார்த்திருக்க மாட்டார். இந்த இரண்டு கோடுகளுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. முதலாவதில் மேற்பரப்பைக் காப்பதும் பாதித்த பகுதியை வெட்டி மாற்றுவதும் பலன் தரும். இரண்டாவதில் எங்கே வெட்டினாலும் மிச்சமிருக்கும் காங்கிரீட்டும் அதே உப்போடுதான் இருக்கும். கத்தோடிக் பாதுகாப்பையோ (கம்பிக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுக்கும் முறை) அந்த உறுப்பையே மாற்றுவதையோதான் யோசிக்க வேண்டும். இதை வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கூடவே கவர் மீட்டர் வைத்துக் கம்பியின் மேலுள்ள காங்கிரீட் தடிமனை அளந்துவிடுங்கள். கவர் தெரியாமல் குளோரைடு கோடு பாதிப் படம்தான். ஐஎஸ் 456-இன் 1978 பதிப்பில் தளத்துக்கு அடிப்படைக் கவர் 15 மி.மீ. கடலோரத்துக்குக் கூட்டச் சொல்லியிருந்தாலும் அப்போது கட்டியவர்கள் பலரும் கூட்டவில்லை. 2000 பதிப்பு கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைத்து 45 மி.மீ. கேட்கிறது. உப்பு ஊடுருவும் ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பதால், கவர் மூன்று மடங்கானால் உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலம் சுமார் ஒன்பது மடங்கு. ஒரே கட்டடத்தில் தூண் நன்றாக இருக்க, பால்கனித் தளம் மட்டும் கொட்டுவதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

தூள் எடுக்கவே பணம் இல்லை என்றால் உடைத்த புதுப் பரப்பில் வெள்ளி நைட்ரேட் கரைசல் தெளித்துப் பார்க்கலாம். குளோரைடு வந்த ஆழம் வரை வெளுத்தும் அதற்கு உள்ளே பழுப்பாகவும் தெரியும். அளவு சொல்லாது, காரம் குறைந்த காங்கிரீட்டில் நிறம் குழப்பும். ஆனாலும் எந்தத் தூணில் தூள் எடுப்பது என்று சல்லடை போட நல்ல வழி.

மின்தடையும் எல்பிஆரும்: எவ்வளவு வேகம்?

நான்கு முனைகள் கொண்ட வென்னர் கருவியைக் காங்கிரீட்டின் மேல் அழுத்தினால் மின்தடை கிடைக்கும். 20 கிலோ ஓம் செ.மீ.க்கு மேல் என்றால் துரு தொடங்கியிருந்தாலும் வேகம் குறைவாகவே இருக்கும். 5-க்குக் கீழே என்றால் மிக வேகமாக நடக்க வழி திறந்திருக்கிறது. துரு இருக்கிறதா என்று இது சொல்வதில்லை. ஹாஃப் செல் செய்ய வந்தவரே ஒரு மணி நேரம் கூட நின்று இதையும் முடித்துவிடலாம், தனிச் செலவாக வாங்கத் தேவையில்லை. கம்பிக்கு நேர் மேலே வைத்துப் படிக்காமல் கம்பிகளுக்கு நடுவே, குறுக்குச் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள்.

எல்பிஆர் என்கிற நேர்கோட்டு முனைவாக்க முறை விலை கூடியது. ஸ்டெர்ன், கியரி இருவரும் 1957-இல் தந்த சமன்பாடுதான் அடிப்படை. கம்பியின் மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் மட்டும் நகர்த்தி, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று பார்த்துத் துரு வேகத்தைக் கணக்கிடுகிறது. சதுர செ.மீ.க்கு 0.1 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே என்றால் பொருட்படுத்த வேண்டாம், 1-ஐத் தாண்டினால் அதிகம். 1 மைக்ரோ ஆம்பியர் என்பது வருடத்துக்கு சுமார் 11.6 மைக்ரான் இழப்பு. 12 மி.மீ. கம்பி பத்து வருடத்தில் விட்டத்தில் கால் மி.மீ. கூட இழக்காது என்று கணக்கு வரும். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அது சராசரி. குளோரைடு துருவில் குழியின் ஆழம் சராசரியைப் போல நான்கு முதல் எட்டு மடங்கு வரை போகக்கூடும். அதாவது அதே பத்து வருடத்தில் ஒரு குழி அரை மி.மீ. முதல் 0.9 மி.மீ. வரை இறங்கலாம். போதாததற்கு, கிடைக்கும் எண் அன்றைய ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் உரியது, வருடம் முழுவதற்கும் உரியது இல்லை.

என் கருத்தில் எல்பிஆரை இரண்டு சூழ்நிலையில் மட்டும் வாங்கலாம். துரு தொடங்கிவிட்டது என்று தெரிந்தும் பணம் சேர இன்னும் சில வருடம் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது, எந்தப் பகுதியை முதலில் எடுப்பது என்று வரிசை தேவை. அல்லது பழுதுபார்த்த பிறகு அது வேலை செய்கிறதா என்று பின்தொடர வேண்டும். மற்றபடி சாதாரணக் குடியிருப்புக்கு அந்தப் பணத்தில் இன்னும் நான்கு இடத்தில் தூள் எடுப்பது மேல்.

ஆர்சிபிடி: புதுக் காங்கிரீட்டுக்கு மட்டும்

பழைய கட்டடக் கொட்டேஷனில் ஆர்சிபிடி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஏஎஸ்டிஎம் சி 1202-இன்படி 50 மி.மீ. தடிமன் காங்கிரீட் வில்லைக்குக் குறுக்கே 60 வோல்ட்டை ஆறு மணி நேரம் கொடுத்து, கடந்த மின்னூட்டத்தைக் கூலோமில் கூட்டுவார்கள். 4,000-க்கு மேல் என்றால் ஊடுருவல் அதிகம், 1,000-க்குக் கீழே என்றால் மிகக் குறைவு. பெயரில் குளோரைடு இருந்தாலும் உண்மையில் அளக்கப்படுவது காங்கிரீட்டின் மின்கடத்தல். கட்டடத்திலிருந்து வெட்டி எடுத்த, ஏற்கெனவே உப்பு ஏறிய கோரில் கடத்தல் தானாகவே கூடும், எண்ணும் கூடும். அதிலிருந்து கம்பியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

புதிதாகக் கடலோரம் கட்டுகிறவர்களுக்கு இது பயன்படும், ஆனால் எந்த வயதில் சோதிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பிளை ஆஷ் கலந்த பிபிசி சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். 28-ஆம் நாளில் மோசமாகத் தெரியும் கலவை 90-ஆம் நாளில் நன்றாகத் தேறும். 28 நாளில் எல்லை வைத்தால் கடலோரத்துக்குப் பொருத்தமான கலவையையே தள்ளிவிடுவோம். கால்சியம் நைட்ரைட் போன்ற துருத் தடுப்பான் சேர்த்த கலவையிலும் எண் ஏமாற்றும். எனக்குக் கேட்டால் நார்டிக் முறையான என்டி பில்ட் 492-ஐச் சொல்வேன். அதிலும் மின்னழுத்தம் கொடுத்துத்தான் குளோரைடை உள்ளே தள்ளுகிறார்கள், ஆனால் கடைசியில் வில்லையைப் பிளந்து வெள்ளி நைட்ரேட் தெளித்து உப்பு போன ஆழத்தையே அளக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். அதில் வரும் ஊடுருவல் கெழுவை ஆயுள் கணக்கில் பயன்படுத்தலாம். தினசரித் தரக் கட்டுப்பாட்டுக்குச் சோதனைக்கு வார்த்த காங்கிரீட் உருளையின் மேல் மின்தடை படிப்பதே போதும். அமெரிக்காவின் ஃபுளோரிடா நெடுஞ்சாலைத் துறை ஆர்சிபிடிக்குப் பதிலாக அதைத்தான் ஏற்றுக்கொண்டது. ஏஎஸ்டிஎம் ஜி 109 போன்ற, உப்புநீர் தேக்கி மாதக்கணக்கில் காத்திருக்கும் சோதனைகள் கம்பி வகைகளையும் தடுப்பான்களையும் ஒப்பிடும் ஆய்வகங்களுக்கானவை.

சங்கம் என்ன செய்யலாம்?

நான்கு மாடி, 25, 30 வருடக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்து வெற்றொலி வரும் இடங்களைக் குறிக்கலாம், கூடவே கவர் மீட்டர். கடல் பார்த்த பக்கத்துச் சன்ஷேடு, பால்கனி, ஸ்டில்ட் தூணின் அடி, மேல்நிலைத் தொட்டியின் அடித்தளம் ஆகியவற்றில் பூச்சை நீக்கி ஹாஃப் செல்லும் மின்தடையும். ஒப்பிட, கடல் பார்க்காத பக்கத்தில் ஓரிரு இடம். வரைபடத்தில் பள்ளம் விழுந்த இடத்திலும், நன்றாகத் தெரிகிற இடத்திலும் குளோரைடு தூள். நன்றாக இருக்கும் இடத்தில் எடுப்பதைத்தான் எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த பத்து வருடத்தில் எங்கே வெடிக்கும் என்று சொல்வது அந்த மாதிரிதான்.

நன்றாகத் தெரியும் இடத்தில் உப்பு இன்னும் கம்பியைத் தொடவில்லை என்றால் அங்கே நீர் புகாத மேற்பூச்சு போதும். தொட்டுவிட்டது, துரு மட்டும் இன்னும் தொடங்கவில்லை என்றால் எச்சரிக்கை தேவை. கொட்டிய இடத்தை மட்டும் வெட்டிப் புதுக் காரை போட்டால், அதுவரை துருப்பிடித்து மற்றக் கம்பியைக் காத்துவந்த பகுதி நல்லதாகிவிடும், பக்கத்திலுள்ள உப்பேறிய பகுதி துருப்பிடிக்கத் தொடங்கும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையமாக வெடிப்பது இதனால்தான். கம்பிக்குப் பின்னால் 20, 25 மி.மீ. வரை உப்பேறிய காங்கிரீட்டை எடுப்பதும், ஒட்டின் ஓரங்களில், கம்பிக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும் துத்தநாக ஆனோடு கட்டுவதும் இங்கே செலவுக்குத் தகுந்தவை. ஒப்பந்தக்காரரின் கொட்டேஷனில் இந்த இரண்டும் இல்லையென்றால், கையில் உள்ள குளோரைடு வரைபடத்தைக் காட்டி ஏன் இல்லை என்று கேட்கலாம். கோடு படுத்திருந்தால் ஒட்டுவேலைக்கே கையெழுத்துப் போடாமல் கட்டமைப்புப் பொறியாளரை உட்காரவைத்துப் பேசுங்கள்.